ஒரே கம்பத்தில் இரண்டு கம்பெனி

தமிழ்நாட்டின் கேபிள்கார அண்ணாச்சிமார்களுக்கு,

உங்கள் சங்க அட்டையில் ‘உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்’ என்று அச்சடித்திருக்கும். எங்களுக்கு நீங்கள் கேபிள்காரர்தான். பால்காரர், பேப்பர்காரர், கேபிள்காரர் என்று மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நிற்கிறவர்களில் மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேரைப் பற்றி எத்தனையோ கதை எழுதிவிட்டார்கள். உங்களைப் பற்றி எழுதியதெல்லாம் பெரும்பாலும் புகார் மனுதான். இதுவும் பாதி புகார் மனுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு சென்னைப் பதிப்பகங்களுக்கு மெய்ப்பு பார்த்துப் பிழைக்கிறவன். இணையம் நின்றால் என் அடுப்பும் கொஞ்சம் மெதுவாக எரியும். அதனால் போன வருஷம் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். ஒன்றுக்கு இரண்டாக இணைப்பு வாங்கிப் போட்டேன். வேறு வேறு கம்பெனி, வேறு வேறு பில், ஒன்று வெள்ளைப் பெட்டி, மற்றது கறுப்புப் பெட்டி. ஒன்று படுத்தால் இன்னொன்று எழுந்து நிற்கும் என்று கணக்கு. “ரெண்டு கல்யாணம் பண்ணுனவன் மாதிரி ரெண்டு பில் கட்டுதீரு” என்று வீட்டில் கேலி வேறு.

வைகாசியில் ஒரு மத்தியானம் வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி ஒன்று எங்கள் தெருவுக்குள் திரும்பியது. பாரத்தின் உச்சி, கரண்ட் கம்பத்திலிருந்து தொங்கிய கறுப்பு ஒயரைக் கோத்து இழுத்துக்கொண்டே போனது. வெள்ளைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கறுப்புப் பெட்டிக்குத் தாவினேன். அதிலும் சிவப்பு.

இரண்டு கம்பெனிக்கும் போன் போட்டேன். ஒன்றில் இருபத்துநாலு மணி நேரம் என்றார்கள், மற்றதில் நாற்பத்தெட்டு. இரண்டு பேரும் புகார் எண் கொடுத்தார்கள். இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பையன் மட்டும் வந்தான். டிவிஎஸ் வண்டியில் ஏணியை வைத்துக் கட்டிக்கொண்டு, இடுப்பில் ஸ்ப்ளைசிங் மெஷின் பையோடு. அறுந்த ஒயரின் தோலை உரித்து உள்ளே இருந்த மயிர் போன்ற இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒட்டினான். முதலில் வெள்ளைப் பெட்டிக்கு உயிர் வந்தது. பத்து நிமிஷம் கழித்துக் கறுப்புக்கும் வந்தது. “இந்தக் கம்பெனிக்கும் நீதானாப்பா?” என்று கேட்டேன். “ரெண்டும் நாமதான் சார். ஒரே கேபிள்தான், உள்ள இழைதான் வேற” என்றான். ஏதோ நல்ல செய்தி சொல்கிறவனைப் போலச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளம்பரங்களை வைத்து எண்ணினால் எங்கள் தெருவில் இணையம் விற்பவர்கள் நான்கு பேர். கம்பத்தை அண்ணாந்து பார்த்து எண்ணினால் ஒரே ஒரு ஒயர். நான் மாதாமாதம் இரண்டு பில் கட்டி வாங்கியது இரண்டு பெயரைத்தான். அந்த ஒற்றை ஒயருக்குச் சொந்தக்காரர் நீங்கள். அதனால்தான் இந்த மடலை அமைச்சருக்கோ ஆணையத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களைப் பற்றி ஒருநாள் நான் நல்ல வார்த்தை எழுதுவேன் என்று இருபது வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். 1991இல் வளைகுடாப் போரை நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று பெரிய ஊர்களில் மொட்டைமாடிக்கு மாடி டிஷ் முளைத்தபோது தொடங்கியது உங்கள் தொழில். 1993 சித்திரை முதல் நாள் சன் டிவி வந்ததும் அது சின்ன ஊர்களுக்கும் பரவியது. டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பார்த்தவர், வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவர், ரேடியோ செட் கட்டியவர் என்று கையில் கொஞ்சம் தொழில் தெரிந்தவர்கள்தான் கேபிள்காரர் ஆனார்கள். மொட்டைமாடி விட்டு மொட்டைமாடி, முருங்கை மரம் விட்டு வேப்பமரம் என்று ஒயர் இழுத்தீர்கள். 1995இல் மத்திய அரசு சட்டம் போட்டு உங்களைப் பதிவு செய்யச் சொன்னபோது, அந்தப் பதிவுக்குத் தலைமைத் தபாலாபீஸைக் காட்டினார்கள். மணியார்டர் வாங்கும் ஜன்னலில் ஒரு தொலைக்காட்சிச் சாம்ராஜ்யத்துக்கு ரசீது கிடைத்தது. எனக்கு இன்றைக்கும் பிடித்த காட்சி அது.

அப்புறம் நீங்கள் சாம்ராஜ்யமாகவே நடந்துகொண்டீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். “இந்த முக்கு வரைக்கும் நம்ம ஏரியா, அதுக்கு அங்கிட்டு அவரு” என்று ஊரைப் பங்கு வைத்தீர்கள். படம் தெரியவில்லை என்றால் “உங்க டிவியில கோளாறு” என்பீர்கள். வேறு ஆளிடம் மாறலாம் என்றால் அந்த வேறு ஆள் எங்கள் தெருவுக்கு வரமாட்டார். வந்தால் அடுத்த நாள் அவருடைய ஒயர் துண்டாகக் கிடக்கும். கிரிக்கெட் மேட்ச் அன்றைக்கு மட்டும் மின்னல் வேகத்தில் சேனலை நிறுத்தி, பாக்கியை வசூலிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். ஏகபோகம் என்ற சொல்லின் பொருளை நான் பொருளாதாரப் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் தெரு முக்கில் பெட்டிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கண்ட்ரோல் ரூமில் படித்தேன்.

உங்களுக்கு மேலே இருந்தவர்கள் உங்களை நடத்திய விதத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். சிக்னலைக் கையில் வைத்திருந்த எம்.எஸ்.ஓ., அதாவது உங்களுக்கு மேலே இருந்த மொத்த விநியோகஸ்தர், சொன்னதுதான் உங்களுக்குச் சட்டம். 2007இல் ஆட்சியையும் சிக்னலையும் ஒருசேர வைத்திருந்த ஒரு குடும்பத்துக்குள் மனக்கசப்பு வந்ததும் அரசு கேபிள் டிவி நிறுவனம் பிறந்தது. குடும்பம் சேர்ந்ததும் அது தூங்கப் போயிற்று. 2011இல் ஆட்சி மாறியதும் எழுப்பி உட்கார வைத்தார்கள். வீட்டுக்கு மாதம் 70 ரூபாய், அதில் 20 அரசுக்கு, மீதி உங்களுக்கு என்றார்கள். 2019இல் புதிய கட்டண முறை வந்தபோது 130 ரூபாய் அடிப்படைக் கட்டணத்தில், தனி ஒப்பந்தம் இல்லையென்றால் எம்.எஸ்.ஓ.வுக்கு 55 பங்கு, உங்களுக்கு 45 என்று விதி வகுத்தார்கள். வெயிலில் ஏணி ஏறுகிறவனுக்குச் சின்னப் பங்கு. இதைப் படிக்கும்போது உங்களில் சிலர் “அந்த 45உம் எங்கே ஒழுங்காக வந்தது” என்று முணுமுணுப்பது கேட்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கைபேசித் தொழிலில் நடந்ததை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஏனென்றால் அதே நாடகம் இப்போது உங்கள் கம்பத்துக்கு வந்திருக்கிறது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டில் சிம் கார்டு விற்ற கம்பெனிகள் ஒரு டஜன் இருக்கும். குடையை விரித்து ரோட்டோரம் இலவசமாகவே கொடுத்தார்கள். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ஒரே நாளில் ரத்து செய்தது. அதில் சிலர் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் ஏலத்துக்கும் கடனுக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. பேச்சுக்குக் காசில்லை, அடுத்த மார்ச் முடிய டேட்டாவுக்கும் காசில்லை. ஒரு ஜிபி 250 ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்த நாட்டில், சில வருஷங்களில் அது 10 ரூபாய்க்குக் கீழே வந்தது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வரும் பெண்கள் பஸ்ஸில் வீடியோ பார்த்துக்கொண்டு வருவது அந்த விலைச் சரிவால்தான். அதற்கு முன்னால் இருந்த கம்பெனிகள் நம்மிடம் கூசாமல் பிடுங்கியவர்கள். அவர்களுக்காகக் கண்ணீர் விட எனக்கு நேரமில்லை.

ஆனால் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? ஆர்காம் மூடியது. டெலிநாரும் டாடா டோகோமோவும் ஏர்டெல்லுக்குள் கரைந்தன. வோடபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்டில் ஒன்றாயின. தமிழ்நாட்டில் பிறந்து, தோனியின் மஞ்சள் சட்டையில் எழுத்தாக மின்னிய ஏர்செல், 2018 பிப்ரவரியில் ஒரு வாரத்தில் ஊமையானது. அந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். எண்ணை மாற்றிக்கொள்ள எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும், அதை அனுப்பவே சிக்னல் இல்லை. சிக்னல் தேடி ஜனங்கள் அங்குமிங்கும் அலைந்தார்கள். பேங்க், கேஸ், ரேஷன் எல்லாவற்றுக்கும் கொடுத்திருந்த எண் செத்துக் கிடந்தது.

கூட்டம் குறைந்ததும் விலை ஏறத் தொடங்கியது. 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை. கடைசி முறை 10 முதல் 27 விழுக்காடு வரை. மிச்சமிருந்த மூன்று தனியார் கம்பெனியும் ஒரே வாரத்துக்குள் ஏற்றின. ஒருவர் ஏற்றினால் மற்றவர் இறக்கி ஆளைப் பிடிப்பதுதானே வியாபாரம்? காய்கறிச் சந்தையில் அப்படித்தான் நடக்கும். மூன்றே கடை இருக்கும் சந்தையில் அப்படி நடக்காது, கண்ணால் பேசிக்கொண்டாலே போதும். அந்த ஜூலையில் கோபப்பட்ட ஜனங்கள் போன இடம் பி.எஸ்.என்.எல். ஒரே மாதத்தில் 29 லட்சம் பேர் கூடினார்கள். 4ஜி சரியாகக் கிடைக்காத கம்பெனிக்கு! அதை நான் வாடிக்கையாளர்கள் போட்ட வாக்கு என்றே எடுத்துக்கொண்டேன். (மூன்றாவது கம்பெனியான வோடபோன் ஐடியாவில் 2025 ஏப்ரல் முதல் அரசாங்கத்தின் பங்கு 48.99 விழுக்காடு. நான்காவது பி.எஸ்.என்.எல்., முழுக்க அரசாங்கம். தனியார் போட்டியின் மகிமையைக் காப்பாற்ற அரசாங்கமே பங்கு வாங்கி உட்கார்ந்திருக்கும் விசித்திரத்தை வேறொரு நாள் பேசலாம்.)

இனி உங்கள் கதை. டென், ஹாத்வே என்ற இரண்டு பெரிய எம்.எஸ்.ஓ.க்களின் பெரும்பான்மைப் பங்குகளை ஐயாயிரம் கோடிக்கு மேல் கொடுத்து வாங்குவதாக 2018 அக்டோபரில் ஜியோவின் தாய்க் கம்பெனி ரிலையன்ஸ் அறிவித்தது. அந்த அறிவிப்பில் அந்த இரண்டு கம்பெனிகளோடும் இணைந்த 27,000 உள்ளூர் ஆபரேட்டர்களைப் பற்றி மிக மரியாதையாகப் பேசியிருந்தார்கள். உங்களைப் பலப்படுத்தப் போவதாகச் சொன்னார்கள். உங்கள் தொழிலைப் பற்றிப் பெரிய முதலாளி ஒருவர் நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அவர்களுக்கு உங்களிடம் வேண்டியிருந்தது என்ன? வீட்டுக்கு இணையம் கொண்டுபோவதில் கஷ்டமான பகுதி டெல்லியிலிருந்து மதுரை வரும் தூரம் அல்ல. முக்கிலிருந்து என் வீட்டு வாசல் வரை இருக்கும் இருநூறு மீட்டர்தான். யார் வீட்டு மாடியில் ஆணி அடித்தால் சண்டை வராது, எந்தக் கம்பத்தில் ஏறினால் ஷாக் அடிக்கும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் மாதக் கடைசியில் பணம் கேட்கக்கூடாது என்பதெல்லாம் எந்தக் கம்பெனியின் கணினியிலும் இல்லை. உங்கள் தலையில் இருக்கிறது. அதை அவர்கள் மாதத்துக்கு இவ்வளவு கமிஷன் என்று வாடகைக்கு எடுத்தார்கள். ஏர்டெல்லும் எடுத்தது. பி.எஸ்.என்.எல். ஃபைபரையும் ஊர்ப்பக்கம் இழுப்பது நீங்கள்தான்.

இங்கேதான் எனக்குக் கவலை. அந்த ஏற்பாட்டில் வாடிக்கையாளர் யாருடைய ஆள் என்று என்றைக்காவது ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தீர்களா? பழைய கேபிளில் என் பெயர் உங்கள் நீலநிற நோட்டில் இருந்தது. பணம் உங்கள் கையில் வந்து, பங்கு மேலே போனது. இப்போது என் பெயர் கம்பெனியின் ஆப்பில் இருக்கிறது. பணம் நேரே மேலே போய், பங்கு உங்களுக்குக் கீழே இறங்கி வருகிறது. ஒரு ஃபைபர் இழையை ஸ்பிளிட்டர் வைத்துப் பிரித்து முப்பத்திரண்டு வீட்டுக்கோ அறுபத்துநாலு வீட்டுக்கோ கொடுக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இழையின் மறுமுனையில் இருக்கும் ஓ.எல்.டி. பெட்டி யாருடையது? அது உங்களுடையதாக இருக்கும்வரை, மேலே இருக்கிறவரை மாற்றலாம். அது அவர்களுடையது என்றால், மாற்றப்படக்கூடியவர் நீங்கள்.

2023இல் ஜியோவும் ஏர்டெல்லும் ‘ஏர்ஃபைபர்’ கொண்டுவந்தன. மாடியில் ஒரு சின்னப் பெட்டி, 5ஜி டவரிலிருந்து காற்றில் வரும் இணையம், கீழே வீட்டுக்குள் வைஃபை. இதில் கம்பமும் ஒயரும் ஏணியும் கிடையாது. நீங்களும் கிடையாது. ஒயர் இழுப்பது கஷ்டமான இடங்களுக்கு இது நல்ல வசதி, மறுக்க மாட்டேன். மழைக்காலத்தில் எங்கள் தெரு ஒயர் படுத்துகிற பாட்டைப் பார்த்தவன், காற்றில் வருவதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் உங்களைப் பலப்படுத்தப் போவதாகச் சொன்னவர்கள், நீங்கள் இல்லாமலே வாசலுக்கு வரும் வழியையும் தயார் செய்துகொண்டார்கள். 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்தியத் தொழில் ரிலையன்ஸோடு இணைந்தது. விஜய் டிவியின் சீரியலும் அந்த வீட்டுக்குள்ளேயே போய்விட்டது. நீங்கள் காட்டும் சேனல் அவர்களுடையது, நீங்கள் இழுக்கும் இணையம் அவர்களுடையது. உங்களுக்குச் சொந்தமாக மிஞ்சியிருப்பது அந்த ஒற்றை ஒயரும் ஏணியும், அதில் ஏறும் பையனும்.

“அதற்கு நான் என்ன செய்ய, சின்ன ஆள்” என்பீர்கள். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு மலையில் இறங்கினால் பதில் இருக்கிறது. கேரளத்தில் உங்களைப் போன்ற கேபிள்காரர்கள், உங்களைப் போலவே ஆளுக்கு நூறு வீடு, இருநூறு வீடு வைத்திருந்தவர்கள், சங்கமாகச் சேர்ந்தார்கள். பங்கு போட்டுத் தாங்களே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். தொலைக்காட்சிக்கும் அதுவே, பிறகு இணையத்துக்கும் ‘கேரள விஷன்’ என்ற பெயரில் அதுவே. இன்றைக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிடும் பட்டியலில், நாட்டின் கம்பிவழி இணைய நிறுவனங்களில் ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல்., ஏ.சி.டி. ஆகியவற்றுக்கு அடுத்து, முதல் ஐந்துக்குள் நிற்கிறது அது. பத்து லட்சத்துக்கும் மேல் இணைப்பு. ஒரே மாநிலத்தில். டைனிங் டேபிளில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. தமிழ்நாட்டில் கேபிள்காரர்கள் எண்ணிக்கையில் குறைவா? தொழில் தெரியாதவர்களா? சேர்வதுதான் தெரியவில்லை. உங்கள் சங்கங்களின் பட்டியலைப் பார்த்தால் மாவட்டத்துக்கு நான்கு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு கட்சிக் கரை வேட்டி.

இணைய உரிமம் வானத்தில் இருக்கும் பொருள் அல்ல. நாடு முழுவதற்கும் ஒன்று, மாநில வட்டத்துக்கு ஒன்று, மாவட்ட அளவிலான சிறு பகுதிக்கு ஒன்று என்று மூன்று வகை உரிமம் இருக்கிறது. மூன்றாவது வகையை எடுத்துச் சொந்தப் பெயரில் நடத்துகிறவர்கள் உங்களிலேயே சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர் விளம்பரத்தில் வராது, கிரிக்கெட் சட்டையில் வராது. ஆனால் அந்தத் தெருக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், போன் அடித்தால் பேர் சொல்லி எடுக்கிறார்கள் என்பார்கள்.

பெரிய கம்பெனிகளின் செல்வாக்கு என்றால் நம் ஆட்கள் உடனே பெட்டி நிறையப் பணம் என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது அவ்வளவு சினிமாத்தனமாக இருப்பதில்லை. காகிதத்தில் நடப்பது. டிராய் ஒரு கலந்தாய்வுத் தாள் வெளியிடும். நூறு பக்கம் இருக்கும், ஆங்கிலத்தில். நான்கு வாரம் அவகாசம். அதற்குப் பதில் எழுத கம்பெனிகளிடம் தனி இலாகாவே இருக்கிறது, வக்கீல்கள், பொருளாதாரக்காரர்கள், டெல்லியில் சி.ஓ.ஏ.ஐ. என்ற கூட்டமைப்பு. உங்கள் சங்கம் அந்த நேரத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு கொடுத்துக்கொண்டிருக்கும். விதி எழுதப்படும் மேஜையில் நாற்காலி காலியாக இருந்தால், பக்கத்து நாற்காலிக்காரர் கையை நீட்டி வைத்துக்கொள்வார். அவ்வளவுதான்.

தாமதமும் ஒரு செல்வாக்குதான். 2016இல் ஜியோ அழைப்புகளை மற்ற கம்பெனிகள் ஒழுங்காக வாங்கவில்லை, இணைப்பு முனைகள் போதவில்லை என்ற சண்டையில், ஏர்டெல், வோடபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி அபராதம் போடலாம் என்று டிராய் பரிந்துரைத்தது. அரசு அதைப் போட்டது 2021 செப்டம்பரில். ஐந்து வருஷம். அதற்குள் அபராதம் கட்ட வேண்டிய மூன்றில் இரண்டு ஒன்றாகிவிட்டன. இன்னொரு வேடிக்கை, செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க். செயற்கைக்கோள் கம்பெனிகளோடு சமமான களம் வேண்டும் என்று மாதக்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தவர்கள், 2025 மார்ச்சில் அடுத்தடுத்த இரண்டு நாளில் அதே ஸ்டார்லிங்கோடு கைகோத்தார்கள். முதல் நாள் ஏர்டெல், மறுநாள் ஜியோ. பெரியவர்களின் சண்டையில் கொள்கை என்று சொல்லப்படுவதை நம்பி நடுவில் போய் நிற்காதீர்கள்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு படி மேலே போனார்கள். 2017இல், எல்லா இணையதளத்தையும் ஒன்றுபோல நடத்த வேண்டும் என்ற இணையச் சமத்துவ விதிகளை நீக்குவது பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது வந்த சுமார் 2 கோடியே 20 லட்சம் கருத்துகளில், 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் அட்டர்னி ஜெனரலின் விசாரணை 2021இல் சொன்னது. அதில் 85 லட்சம், பிராட்பேண்ட் கம்பெனிகளின் பணத்தில் நடந்த பிரச்சாரத்தில் வந்தவை. 

ஆனால் நம் நாட்டிலேயே மறுபக்கமும் நடந்திருக்கிறது. 2015 ஏப்ரலில் இதே இணையச் சமத்துவம் பற்றி டிராய் கேட்ட கேள்விக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் ஈமெயில் அனுப்பினார்கள். சில இணையதளங்களுக்கு மட்டும் இலவசம் என்று ஃபேஸ்புக் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ கொண்டுவந்து, செய்தித்தாள்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்துப் பார்த்தது. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய், தளத்துக்குத் தளம் வேறு விலை வைக்கக் கூடாது என்று தடை போட்டது. எழுதியவர்கள் எல்லாம் என்னைப் போன்ற சாதாரண வாடிக்கையாளர்கள்தான். நீங்களும் டிராய்க்குத் தமிழில் எழுதிக் கேளுங்கள், அல்லது ஆங்கிலம் தெரிந்த என்னைப் போன்ற மெய்ப்புக்காரனைக் கூப்பிடுங்கள். கூலி வேண்டாம், ரெண்டு மாத பில்லில் கழித்துக்கொண்டால் போதும்.

எங்களுக்கு நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. நான் உங்களுக்கு ஆதரவாக எழுதுவதால், பழைய ஏரியாக் கணக்கை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் தெருவுக்குள் இன்னொருவர் ஒயர் வந்தால் அறுக்காதீர்கள். புது அடுக்குமாடி கட்டுகிறவரிடம் பணம் கொடுத்து, அந்தக் கட்டடத்துக்கு நான் மட்டும்தான் என்று எழுதி வாங்காதீர்கள். பெரிய கம்பெனிகள் அதைச் செய்யும்போது நீங்கள் சங்கத்தில் கத்துகிறீர்கள், நீங்கள் செய்தாலும் அது அதேதான். இரண்டு கம்பெனி இணைப்பையும் ஒரே கேபிளில் கொண்டுவருகிறீர்கள் என்றால், காசு வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் அப்போதே இரண்டாவதை வாங்காமல், அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஒரு யு.பி.எஸ். வாங்கியிருப்பேன். கம்பத்து உயரத்தையும் பாருங்கள். வைக்கோல் லாரி வரும் தெரு என்று உங்களுக்குத் தெரியாதா?

ஏரியாவை விற்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரு கனெக்ஷனுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கை போட்டு, எழுநூறு வீட்டையும் ஒரு பெரிய கைக்குக் கொடுத்துவிட்டு, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிய அண்ணாச்சிகளை எனக்குத் தெரியும். குற்றம் சொல்லவில்லை. முப்பது வருஷம் கம்பம் ஏறியவருக்கு முட்டி வலிக்கும். ஆனால் விற்பதென்றால் பக்கத்துத் தெருக் கேபிள்காரரிடம் முதலில் கேளுங்கள். அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது என்பது எங்களுக்கும் தெரியும். 1998இல் ஆம்ப்ளிஃபையர் திருடு போன சண்டை. அதை இன்னும் எத்தனை நாள் வைத்துக்கொண்டிருப்பீர்கள்?

மலிவாகக் கிடைத்தால் யார் கொடுத்தால் உனக்கென்ன என்று நீங்கள் என்னைத் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜியோ சிம்முக்கு 2016இல் நானும் வரிசையில் நின்றவன். இப்போதும் என் கைபேசியில் இருப்பது பெரிய கம்பெனியின் சிம்தான். கம்பியில்லாத டேட்டாவில் பத்துக்கு எட்டுப் பேர் இரண்டே கம்பெனியில் இருக்கிறார்கள், நானும் அந்த எட்டில் ஒருவன். அந்தச் சந்தை முடிந்துபோன கதை. கம்பியில் வருவது இன்னும் முடியவில்லை. 2024இல்தான் நாட்டில் அது நாலு கோடி இணைப்பைத் தொட்டது. இத்தனை கோடி வீட்டில் அது சின்னக் கணக்கு, இனிமேல்தான் வளர வேண்டும். வளரும்போது எங்கள் கம்பத்தில் உங்கள் ஒயர், உங்கள் ஓ.எல்.டி.யோடு, உங்கள் பெயரில் ஒன்றாவது இருந்தால் மற்றவர்கள் விலை ஏற்றுவதற்கு முன்னால் ஒருமுறை யோசிப்பார்கள். என் கணக்கு அவ்வளவுதான், உங்கள் மீது பாசம் எல்லாம் இல்லை.

அடுத்த மாதம் டிவிக் கட்டண வசூலுக்கு வரும்போது கம்பெனியோடு நீங்கள் போட்ட ஒப்பந்தத்தின் நகலைக் கையோடு கொண்டுவாருங்கள். உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன், அதுதானே என் தொழில்.

இப்படிக்கு,
இரண்டு பில் கட்டும் ஒரு வாடிக்கையாளன்

பின்குறிப்பு: லாரி அறுத்த இடத்தில் போட்ட ஜாயிண்ட் பெட்டி மூடியில்லாமல் ஏழாம் நம்பர் கம்பத்தில் தொங்குகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு பாலித்தீன் பையையாவது சுற்றிக் கட்டிவிடச் சொல்லுங்கள். பையனிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.